கூரையைப் பிரித்த அவசரம்

உங்களுக்கும் என் வயதுதான் என்றால், ஞாயிறு பள்ளியில் அந்தத் துணிப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மரச்சட்டத்தில் இழுத்து அடித்த நீலக் கம்பளித் துணி. காகிதத்தில் வெட்டி எடுத்த ஆட்களை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் ஒட்டிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் துணி ஈரம் கோத்துவிடும். அப்போது மோசே செங்கடலின் நடுவில் தலைகுப்புற விழுவார். நாங்கள் சிரிப்போம். டீச்சர் பொறுமையாக அவரை எடுத்து மறுபடி நிறுத்துவார்.

எங்கள் டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தவர். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி ஒன்றரை மணி நேரம் மலையேறினால்தான் எங்கள் தோட்டம். அந்தப் பாதையில் சேலையில் சேறு படாமல் நடக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வாரநாளில் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதக்கதை. எனக்கு அப்போது பதினொரு வயது. நான் சொல்லப்போவது அந்த வருடத்து ஆனி, ஆடி மழைக்காலத்தைப் பற்றித்தான்.

அன்றைக்குத் திமிர்வாதக்காரன் கதை. கை கால் விளங்காத ஒருவனைப் படுக்கையோடு நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். இயேசு ஒரு வீட்டுக்குள்ளே பேசிக்கொண்டிருக்கிறார். வாசலில் கூட்டம் நெருக்குகிறது, உள்ளே போக வழியில்லை. நான்கு பேரும் கூரை மேல் ஏறி, கூரையைப் பிரித்து, படுக்கையைக் கயிற்றில் கட்டி அவருக்கு முன்னால் இறக்குகிறார்கள். அவர் முதலில் அவனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார். அதற்குப் பிறகுதான் எழுந்து படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறார். அவனும் எழுந்து போகிறான்.

துணிப் பலகையில் தூக்குகிறவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான்காவது ஆள் எப்போதோ தொலைந்துவிட்டான். டீச்சர் அவனுக்குப் பதிலாக இயேசு பிறந்த நத்தார்க் கதையிலிருந்து ஒரு மேய்ப்பனைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார். அவன் தோளில் ஆட்டுக்குட்டியோடு படுக்கையின் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டிருந்தான். நான் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், அந்த ஆளு எத்தன வருசமாப் படுத்துக் கெடந்தாரு?"

"அது சொல்லேல்லைப் பிள்ளை. கனகாலம் எண்டு வைச்சுக்கொள்ளு."

"அத்தன காலம் படுத்துக் கெடந்தவருதானே. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா என்னா? கூட்டம் கலஞ்சதும் வாசல் வழியாவே போயிருக்கலாமே. கூரைய ஏன் பிரிக்கணும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீச்சரின் முகம் இறுகியது.

"அதுக்குப் பேர்தான் விசுவாசம். விசுவாசம் உள்ளவன் காத்துக்கொண்டு நிக்கமாட்டான்."

"போன வாரம் ஆபிரகாம் கதையில, விசுவாசம்னா காத்துக்கிட்டு இருக்கறதுன்னு சொன்னீங்களே டீச்சர்?"

சத்தியமாக நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகள் எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்துவிட்டார்கள். நான் அவரைக் கேலி செய்கிறேன் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். "வெளியில போய் நில்லு" என்றார். நான் தேவாலய வாசலில் தூவானத்தில் நின்றேன். பதில் கிடைக்காமல் போனதுதான் நனைந்ததைவிட எனக்கு வருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு கேள்வி இருந்தது.

"அது கெடக்கட்டும். பிரிச்ச கூரைய யாரு திருப்பிப் போட்டுக் குடுத்தா?"

"அது கதையில இல்லம்மா."

"அப்ப அந்த வீட்டுக்காரி மழையில என்னா செஞ்சிருப்பா?" என்று கேட்டுவிட்டு அம்மா ரொட்டியைத் திருப்பினார்.

கூரையைப் பற்றிப் பேச அம்மாவுக்குக் காரணம் இருந்தது. எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா அறைகள். ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அவ்வளவுதான் ஒரு குடும்பத்துக்கு. எங்களுடையது கடைசிக்கு முந்தியது. கடைசிக் காம்பரா மாமாவுடையது. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். லயத்துக் கூரையெல்லாம் துருவேறி ஓட்டையாகிக் கிடக்க, எங்கள் காம்பராவுக்கு மேலே மட்டும் நல்ல கனமான தகரம் போட்டிருந்தது. அப்பா போட்டது. நானுஓயாவில் ஒரு பழைய கொட்டகையைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே போய் வாங்கி வந்து, ஒரு முழ அகலத்துக்குச் சுவரைத் தாண்டி மாமா பக்கமும் மூடும்படி இழுத்து அடித்திருந்தார். அம்மா அதைப் பற்றி யாரிடமும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. மழை அந்தத் தகரத்தில் விழும் சத்தம் ஆரம்பித்தால் பேச்சை நிறுத்திவிடுவார்.

ஏனென்றால் அந்தத் தகரம் வந்த நாளில்தான் மாமா விழுந்தார்.

அது நடந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பாவும் மாமாவும் நிழல் மரங்களில் ஏறிக் கொப்பு வெட்டும் வேலைக்காரர்கள். ஒருவர் ஏறினால் மற்றவர் கீழே கயிற்றைப் பிடிப்பார். அன்று ஏறவேண்டிய முறை அப்பாவுடையது. விடிவதற்கு முன்னால் அப்பா, தகரத்தைக் கட்டுவதற்கு, தோளில் கயிற்றுச் சுருளோடு நானுஓயாவுக்குக் கிளம்பிப் போனார். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் எண்ணும்போது, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அம்மா போய்ச் சொன்னார். மாமா அப்பாவுக்குப் பதிலாக மரத்தில் ஏறினார். கீழே கயிறு பிடித்தது புதுப் பையன். மதியம் மாமாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் தகரம் லொறியில் வந்து இறங்கியது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு மாமா திரும்பி வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடங்களாக அப்பா மாமாவின் காம்பராவுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இடையில் இருந்தது ஒரே ஒரு கருங்கல் சுவர். அதுவும் ஒரு சாண் இடைவெளி விட்டு, கூரை வரை முட்டாத சுவர். அந்தப் பக்கம் மாமா இருமினால் இந்தப் பக்கம் அப்பா புரண்டு படுப்பார். வீட்டில் நல்ல கறி ஆக்கினால், "மாமாவுக்குக் குடுத்துட்டு வா" என்று என்னிடம் கொடுத்தனுப்புவார். தானாகப் போகமாட்டார். மாமா கோபமாக இருக்கிறார், அதனால்தான் அப்பா போவதில்லை என்று நான் நினைத்தேன். அப்பாவுக்குத் திமிர் என்று அத்தை, அதாவது மாமாவின் மனைவி, நினைத்தார். லயத்தில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ஒருவரும் அவர்கள் இரண்டு பேரையும் கேட்கவில்லை.

மாமா சாமி கும்பிடுகிறவர். அவருடைய தலைமாட்டில் மாரியம்மன் படம் இருக்கும். அம்மா மட்டும்தான் கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவோடு தேவாலயத்துக்கு வர ஆரம்பித்தவர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமா என்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். "மருமவளே, இன்னைக்கு ஒங்க கோயில்ல என்னா கதை?" என்பார். நான் கட்டில் காலருகில் உட்கார்ந்து சொல்லுவேன். கஷாயமும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாசனை அந்தக் காம்பராவில் எப்போதும் இருக்கும். யன்னல் கிடையாது. கதவுப் பக்கமிருந்து வரும் வெளிச்சம் அவருடைய முழங்கால் வரைதான் எட்டும்.

அன்றைய கதையைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. படுத்துக் கிடக்கிற ஆளிடம் படுத்துக் கிடந்து எழுந்தவன் கதையை எப்படிச் சொல்வது? ஆனால் மாமா விடவில்லை. சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கேட்டார்:

"அந்த ஆளு என்னா சொன்னான்?"

"யாரு மாமா, இயேசுவா?"

"இல்ல, படுத்திருந்தவன். தூக்கிட்டு வரயில, கூரை மேல ஏத்தயில, கயித்துல எறக்கயில… ஏதாச்சும் சொன்னானா?"

நான் யோசித்துப் பார்த்தேன். டீச்சர் சொன்னதில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒண்ணும் சொல்லல மாமா."

"தூக்கட்டுமான்னு அவன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

"அதுவும் இல்ல."

மாமா சிரித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கான். படுத்துக் கெடக்குறவன யாரும் கேக்குறதில்ல. பொரட்டுவாங்க, தூக்குவாங்க, தொடைப்பாங்க. நல்லதுக்குத்தான் செய்யிறாங்க. ஆனா கேக்கமாட்டாங்க."

எனக்கு அது புதிதாக இருந்தது. டீச்சரும் தூக்கியவர்களைப் பற்றித்தான் பேசினார், நானும் அவர்களுடைய அவசரத்தைப் பற்றித்தான் கேட்டேன். படுக்கையில் கிடந்தவனைப் பற்றி விசாரித்தது மாமா ஒருவர்தான்.

இரண்டு ஞாயிறு கழித்து மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மூன்று நாட்களாக எதிர் மலையே கண்ணில் படவில்லை. அன்றைக்கு ஆராதனையைப் பாதியில் முடித்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தை தண்ணீர் எடுக்கப் பீலிக்கரைக்குப் போயிருந்தார். அம்மா அடுப்படியில். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் ஈரத் துணிகளைக் கொடியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

லொறியில் இருந்து கல்லைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். தரை ஒரு தரம் உதறியது. பிறகு பச்சை மண் வாசனை. கிழங்கு தோண்டும்போது வருமே, அந்த வாசனை வீடு முழுக்க நிரம்பியது.

லயத்தின் கடைசியில் இருந்த மண்மேடு சரிந்து மாமாவின் இஸ்தோப்பில் இறங்கியிருந்தது. அவருடைய கதவை நெஞ்சு உயரத்துக்கு மண் மூடியிருந்தது. கதவிடுக்கில் செந்தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அத்தை குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து மண்ணைக் கையால் வழிக்க ஆரம்பித்தார்.

சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக மாமாவின் குரல் வந்தது. அவர் கத்தவில்லை. கதை கேட்கும் அதே குரல்தான்.

"மருமவளே, ஒங்கப்பன் இருக்காரா?"

மூன்று வருடத்தில் அவர் அப்பாவைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா தண்ணீர்ப் பீப்பாயின்மேல் கால் வைத்துக் கூரைக்கு ஏறிவிட்டார்.

வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஐந்தாறு ஆட்களோடும் மம்பட்டிகளோடும் வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்தார். சுவருக்கு வாயை வைத்து மாமாவிடம் நலம் விசாரித்தார். கட்டில் காலளவுக்குத்தான் தண்ணீர், ஆளுக்கு ஒன்றுமில்லை என்று மாமா உள்ளேயிருந்து சொன்னார்.

"எறங்குப்பா கீழ" என்று கணக்கப்பிள்ளை அப்பாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஒரு மணி நேரத்துல வாசல வெட்டித் தெறந்துடலாம். ஆளு பேசிக்கிட்டுதானே இருக்காரு? கொஞ்சம் பொறு."

"அலவாங்க மேல குடுங்க" என்று கடப்பாரைக்குக் கை நீட்டினார் அப்பா.

"நல்ல கூரையப்பா. ஒன் கூரை. வீணாப் பிரிக்காத. பொறுன்னு சொல்றேன்ல!"

அப்பா கூரை மேல் முழங்காலிட்டுக் கீழே பார்த்தார். மழை அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"மூணு வருசமாப் பொறுத்துட்டேங்க" என்றார். "இனிமே முடியாது."

பிறகு என் அம்மா, கூரைக்காகக் கவலைப்பட்ட அதே அம்மா, கதவு மூலையில் இருந்த அலவாங்கை எடுத்து, தானே பீப்பாய் மேல் ஏறி நீட்டினார். "பிரிங்க" என்றார்.

நான் காம்பராவுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். முதல் ஆணி பிடுங்கும்போது பன்றி கத்துவதுபோல் சத்தம் வந்தது. பிறகு தகரத்தின் விளிம்பு நிமிர்ந்து, கத்தி வீசியதுபோல் ஒரு கீற்று வெளிச்சம் எங்கள் அடுப்பங்கரையில் விழுந்தது. மூன்று வருடத்துக் கரி கறுப்புக் கொத்துகளாகக் கொட்டியது. பின்னாலேயே மழை. அப்பா அந்தத் தகரங்களை ஆற அமரக் கழற்றவில்லை. நெம்பினார், மடக்கினார், காலால் உதைத்தார். அவற்றோடு அவருக்குப் பழைய பகை இருந்ததுபோல் செய்தார். எங்கள் தகரம் சுவர் தாண்டிப் படுத்திருந்ததால் அதைப் பிரிக்காமல் மாமா பக்கத்துத் துருத் தகரத்தைத் தூக்க முடியாது. இரண்டையும் பிரித்து, ஆள் இறங்கும் அளவுக்கு வழி செய்தார். இதற்குள் இன்னும் மூன்று பேர் மேலே ஏறிவிட்டார்கள். ஒரு கம்பளியின் நான்கு மூலையிலும் கயிறு கட்டினார்கள். அப்பா சுவர் விளிம்பைப் பிடித்துத் தொங்கி மாமாவின் காம்பராவுக்குள் குதித்தார். சேற்றுத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அப்பாவின் குரல்:

"மச்சான். தூக்கட்டுமா?"

"கேக்குறியா?" என்றார் மாமா.

"கேக்குறேன் மச்சான்."

"அப்ப கொஞ்சம் இரு. ஒனக்குக் காய்ச்சல் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பெரட்டுக்குப் போற வழியில, நீ ஸ்டேஷன் பாதையில எறங்கிப் போறதப் பாத்தேன். தெரிஞ்சுதான் மரத்துல ஏறினேன்."

அப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மாமா குறுக்கிட்டார்.

"கயிறு நழுவுனதுக்கு நீ என்னா செய்வே? எனக்கு வெசனமெல்லாம் வேற. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். அதுக்கப்புறம் வந்து ஒக்காந்திருக்கலாம். மூணு வருசம், மச்சான். சொவத்துக்கு அந்தப் பக்கம் நீ முழிச்சிருக்கறது எனக்குக் கேக்கும். அது போதும், விடு. அதையெல்லாம் இத்தோட விட்டுருவோம்."

அப்பா அழுது அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அதனால் அது என்ன சத்தம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என்னாங்கப்பா பேசிக்கிட்டு நிக்கிறீங்க? மழை கொட்டுது!" என்று கூரையிலிருந்தவர்களில் ஒருவர் சத்தம் போட்டார்.

"இப்பத் தூக்கு" என்றார் மாமா.

அவரைக் கம்பளியில் கிடத்திச் சுவருக்கு மேலே தூக்கி எங்கள் பக்கம் இறக்கினார்கள். மாரியம்மன் படம் அவருடைய மார்பில் இருந்தது. எங்கள் காம்பராவின் நடுவில், கரியும் மழையும் கொட்டிய தரையில், பாயின்மேல் அவரைக் கிடத்தினார்கள். அத்தை ஓடி வந்து அவர் தலையைத் துடைத்தார்.

சரியாக ஒரு மணி நேரத்தில் கணக்கப்பிள்ளையின் ஆட்கள் வாசலை வெட்டித் திறந்துவிட்டார்கள். உள்ளே தண்ணீர் கட்டில் காலுக்கு மேல் ஏறவே இல்லை. இரண்டாவது சரிவும் வரவில்லை. அதைச் சொல்லித்தான் லயத்தில் பல நாள் சிரித்தார்கள். 'பொறுத்திருந்தா வாசல் வழியா தூக்கியிருக்கலாம், வீணாக் கூரையப் பிரிச்சான்' என்றார்கள். தோட்டத்துக் கட்டடத்தை உடைத்ததாக ஆபீசிலும் அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். மாமாவின் காம்பராவில் இனி ஆள் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் ஐந்து பேரும் எங்கள் ஒரே காம்பராவில் இருந்தோம். கூரை ஓட்டையை மூட ஒரு படங்குத் துணி. அது காற்றில் படபடவென்று அடிக்கும். மாமாவைப் புரட்டுவது, துடைப்பது எல்லாம் அப்பா செய்தார். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுச் செய்தார்.

மூன்றாம் நாள் டீச்சர் குடையும் ஒரு பால்மாப் பெட்டியுமாக லயத்துக்கு இறங்கி வந்தார். சேலையில் முழங்கால் வரை சேறு. படங்கையும் மடங்கிக் கிடந்த தகரங்களையும் பார்த்தார். எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் சுவரில் காதை வைத்துக் கேட்டதையும் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு உன்ர கேள்விக்கு நான் பதில் சொல்லேல்லை" என்றார் டீச்சர். "தெரியாது எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. அதுதான் உன்னை வெளியில அனுப்பினனான்."

குடையை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"பிறகு திரும்ப எடுத்துப் படிச்சன் பிள்ளை. அந்த நாலு பேரும் ஆர் எண்டு எழுதேல்லை. கூட்டாளிமார் எண்டு நாங்கள்தான் சொல்லுறம். அதில அப்பிடி ஒண்டும் இல்லை. நாலு பேர். அவ்வளவுதான்."

அந்த ஒரு வரியை நான் இத்தனை வருடங்களாக யோசித்து வந்திருக்கிறேன். நானும் பிறகு டீச்சராகி, ஹட்டனில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அதே கதையைச் சொன்னேன். நான்கு பேர் யாரென்று எழுதவில்லை. நண்பர்களாக இருக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவன், அந்த மனிதன் படுக்கையில் விழக் காரணமானவனாக ஏன் இருக்கக்கூடாது? வருடக்கணக்காக அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தவனாக? அப்படிப்பட்டவனுக்குத்தான் ஒரு மணி நேரம் பொறுக்க முடியாது. அவனால்தான் ஊரான் வீட்டுக் கூரையைக்கூடப் பிரிக்க முடியும். அதனால்தான் இயேசு மேலே நிமிர்ந்து பார்த்து, அந்த நான்கு முகங்களையும் கண்டு, கால்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மன்னிப்பைப் பற்றிப் பேசினாரோ? சொன்னது படுக்கையில் கிடந்தவனிடம். ஆனால் கூரை திறந்திருந்தது. மேலே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். இது சரியான விளக்கமா என்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் வேறு சொல்லலாம். ஆனால் அன்று எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், மன்னிப்பைச் சொன்னவர் படுத்துக் கிடந்தவர். அதையும் என்னால் மறக்கமுடியாது.

போன மாதம் எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். பெரும்பாலும் என் வயதுப் பெண்கள்தான். பாதிப் பேர் லயத்தில் பிறந்தவர்கள். சொல்லி முடித்ததும் ஒருத்தி கேட்டாள்: "உங்க மாமா எந்திரிச்சு நடந்தாருங்களா?"

"இல்லை" என்றேன். "கடைசி வரைக்கும் நடக்கல. இன்னும் ஆறு வருசம் இருந்தாரு, படுத்தபடியே."

அவள் முகம் வாடிவிட்டது. அதனால் கூரை மறுபடி போட்ட கதையையும் சொன்னேன். உங்களுக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மழை விட்ட பிறகு அப்பா மடங்கிய தகரங்களைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். எல்லாம் நிமிர்ந்தன, ஒன்றைத் தவிர. அது நடுவில் கிழிந்துவிட்டது. வேறு தகரம் தேடிப் போகிறேன் என்று அப்பா கிளம்பினார். மாமா படுத்தபடியே கூப்பிட்டார்.

"மச்சான், அந்த எடத்துல தகரம் வேணாம். படங்கு வெலகுறப்ப வானம் தெரியுது. இத்தன நாளா நான் துருத் தகரத்தத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

அப்பா தொழிற்சாலைக்குப் பின்னால் உடைசலாகக் கிடந்த லொறியின் முன்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்து, தாரும் சாக்கும் வைத்து ஒழுகாமல் பதித்தார். மாமாவின் பாய்க்கு நேர் மேலே. எங்கள் காம்பராவுக்குள் பகல் வெளிச்சம் வந்தது அன்றைக்குத்தான். அம்மா சுவரெல்லாம் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழுக்கோடயா இருந்தோம்" என்று சுண்ணாம்பு கரைக்கப் போனார்.

மாமாவுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. லயத்துப் பெரியவர்கள் எல்லோரும் மலைக்குக் கொழுந்தெடுக்கவும் கவாத்து வெட்டவும் போயிருக்கும் நேரம், கொடிகளில் துணி காயும். எதிர் மலைப் பக்கமிருந்து மேகம் ஏறி வருவது அந்தக் கண்ணாடி வழியாக முதலில் அவருக்குத்தான் தெரியும். அதுவரை சத்தம் போட்டே பேசாத மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது யாருக்குத் தெரியும்?

"துணிய எடுங்கடீ! மேற்கால கருக்கிருச்சு! எடுங்க, எடுங்க!"

பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள், காய்ச்சலில் படுத்தவர்கள் எல்லோரும் கொடியைப் பார்த்து ஓடுவார்கள். அப்பா வீட்டில் இருக்கும் நாளென்றால், கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு அவர்தான் முதலில் ஓடுவார்.